நஞ்சு கைக்கெட்டாமல் இருந்தால்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் எல்லா மாவட்டங்களிலும் ஓர் உத்தரவு வரும். உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். தேர்தல் முடிந்த பிறகே திரும்பக் கிடைக்கும். தருமபுரியிலும் இதுதான் நடைமுறை. ஒப்படைப்பவர்கள் யாரும் குற்றவாளிகள் அல்லர். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி விண்ணப்பித்து, விசாரணைக்கு உட்பட்டு, முறையாக உரிமம் எடுத்தவர்கள். ஊர் கொதித்துக் கிடக்கும் நாட்களில் ஆயுதம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாம் என்பதே அந்த உத்தரவின் நியாயம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் ஆத்திரமும் அவமானமும் விரக்தியும் ஊருக்கு மட்டும் வருவதில்லை, வீட்டுக்குள்ளும் வருகின்றன. அந்த நேரத்தில் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே ஒருவர் பிழைப்பதும் பிழைக்காமல் போவதும் பல நேரங்களில் அமைகிறது. இது வெறும் ஊகமல்ல. உலகின் பல நாடுகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் சான்று.

இந்தச் சான்றின் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே துப்பாக்கிச் சாவு என்றதும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் நடக்கும் கொலைகளே செய்தியாகின்றன. உண்மையில் 2022-இல் அந்நாட்டில் துப்பாக்கியால் இறந்த ஏறத்தாழ 48,000 பேரில் 27,000-க்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறந்தவர்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி 2014-இல் வெளியான தொகுப்பாய்வு, இருப்பவர்களிடையே தற்கொலை ஆபத்து சுமார் மூன்று மடங்கு என்று கணக்கிட்டது. கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியான ஆய்வு இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டியது. கைத்துப்பாக்கி வாங்கிய உடனே வரும் நாட்களில் ஆபத்து உச்சத்தில் இருந்தது உண்மை. ஆனால் துப்பாக்கியால் நடந்த தற்கொலைகளில் பாதிக்கும் மேற்பட்டவை, வாங்கி ஓராண்டு கழிந்த பிறகே நடந்திருந்தன. அதாவது பலர் சாவதற்காகத் துப்பாக்கி வாங்கவில்லை. வேறு எதற்கோ வாங்கியது வீட்டில் கிடந்தது, ஒரு கெட்ட நாள் வந்தபோது கைக்கு அகப்பட்டது. வீட்டில் துப்பாக்கி இருப்பவர்கள் மற்றவர்களைவிட மனநோயாளிகள் என்பதற்குச் சான்று இல்லை. அவர்களுக்கு வரும் துயரமும் எல்லோருக்கும் வருவதுதான். திரும்பி வர வழிவிடாத ஒரு கருவி பக்கத்தில் இருப்பதே வேறுபாடு.

தருமபுரி வீடுகளில் துப்பாக்கி மிக அரிது. பென்னாகரம், அரூர் பக்கம் காட்டை ஒட்டிய ஊர்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடுவதும், அவற்றைத் தாமாகவே ஒப்படைக்கும்படி காவல்துறை கேட்டுக்கொள்வதும் உண்டு. அது நல்ல காரியம். வேட்டைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் நல்லது. ஆனால் இந்தியாவில் தற்கொலைச் சாவுகளில் துப்பாக்கியின் பங்கு மிகச் சொற்பம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் நாடு முழுவதும் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நஞ்சால் இறந்தவர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 19,834 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது எண்ணிக்கை இது. லட்சம் பேருக்கு இத்தனை என்று பார்த்தால் நம் மாநில விகிதம் தேசிய சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அமெரிக்க வீட்டில் துப்பாக்கி வகிக்கும் இடத்தை நம் உழவர் வீட்டில் பூச்சி மருந்து வகிக்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. துப்பாக்கிக்கு உரிமம், விசாரணை, பதிவேடு, தேர்தல் கால ஒப்படைப்பு எல்லாம் இருக்கின்றன. மருந்துக்கோ உரக்கடைக்காரர்தான் உரிமம் வைத்திருக்க வேண்டும். வாங்கிப்போகிறவரின் வீட்டில் அது எங்கே இருக்கிறது என்று கேட்பார் இல்லை.

அது எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தருமபுரி மானாவாரி நிலம் மிகுந்த மாவட்டம். இங்கே பெரும்பாலோர் சிறு, குறு விவசாயிகள். பாலக்கோடு பக்கம் தக்காளி, அரூர் பக்கம் மரவள்ளியும் பருத்தியும், பரவலாக மாந்தோப்பு, பூந்தோட்டம். தக்காளியில் காய்ப்புழு விழுந்தால், மாவில் பூ எடுக்கும்போது தத்துப்பூச்சி வந்தால், உரக்கடையில் சொல்லி ஒரு பாட்டில் வாங்கி வருகிறார்கள். ஒரு டேங்குக்கு இத்தனை மில்லி என்று அளந்து ஊற்றி அடிக்கிறார்கள். அரை ஏக்கருக்கு அடித்த பிறகு பாட்டிலில் மீதி நிற்கும். காசு கொடுத்து வாங்கியதை யாரும் கொட்டிவிட மாட்டார்கள்; அடுத்த முறைக்கு ஆகும் என்று எடுத்து வைப்பார்கள். தனி அறைக்கு வசதி இல்லாத வீட்டில் அது பரண் மேலோ, மாட்டுக் கொட்டகை இறவாணத்திலோ, தெளிப்பான் தொங்கும் ஆணிக்குக் கீழேயோ போய்ச் சேரும். பாட்டில் மீது சாய்சதுரமாக ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமைக்கு ஏற்ப நிறம் மாறும். சிவப்பு என்றால் மிகக் கொடியது. அடிக்கும்போது கையில் படாமல் பார்த்துக்கொள்ள அந்த நிறம் உதவும். அடித்து முடித்துப் பரணுக்குப் போன பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. மருந்தை வாங்கியவர் விவசாயி என்றாலும், அது மனைவிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும், தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே இதை விவசாயிகளின் பிரச்சினை என்று மட்டும் பேசினால் பாதி வீட்டை விட்டுவிடுகிறோம்.

தூரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? உயிரை விடும் எண்ணம் நெடுநாள் யோசித்து எடுத்த முடிவு என்றே பலரும் நினைக்கிறோம். சிலருக்கு அப்படியும் இருக்கலாம். ஆனால் ஆஸ்திரியாவில் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் கேட்டு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எண்ணம் தோன்றியதற்கும் செயலில் இறங்கியதற்கும் இடையே பத்து நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் இருந்தது என்று ஏறத்தாழப் பாதிப் பேர் சொன்னார்கள். இலங்கைக் கிராமங்களில் நஞ்சுண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் கேட்டபோதும் பெரும்பாலோர் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. கணவன் மனைவி சண்டை, குடித்துவிட்டு வந்த அப்பாவுடன் வாக்குவாதம், நாலு பேர் முன்னால் கடன்காரர் பேசிய பேச்சு என்று ஏதோ ஒன்று அந்தச் சில நிமிடங்களைக் கொளுத்திவிடுகிறது. அந்நேரம் கையில் கிடைப்பது கொடிய நஞ்சாக இருந்தால், மனம் மாறிய பிறகும் உடம்பு திரும்பி வருவதில்லை. பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் இன்னொரு உண்மையைச் சொல்கின்றன: பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பிற்பாடு தற்கொலையால் இறக்கவில்லை. எனவே அந்தச் சில நிமிடங்களைக் கடக்க உதவுவது சாவை நாலு நாள் தள்ளிப்போடுவதாக முடிவதில்லை. பெரும்பாலோருக்கு அது ஒரு முழு ஆயுளைத் திருப்பிக் கொடுக்கிறது.

இங்கே எழும் முதல் மறுப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாக முடிவு செய்தவர் ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேட மாட்டாரா? கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இந்தக் கேள்வியை வரலாறு பல முறை சோதித்துப் பார்த்துவிட்டது. 1950-களில் பிரிட்டன் வீடுகளுக்கு வந்த சமையல் வாயுவில் நச்சு மிகுதி. அந்நாட்டின் தற்கொலைச் சாவுகளில் பெரும்பங்கு அதனால் நேர்ந்தது. பிறகு செலவைக் குறைப்பதற்காக நச்சற்ற இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். யாருடைய உயிரையும் காக்கும் நோக்கத்தில் செய்த மாற்றமல்ல அது. ஆனாலும் வாயுவால் வந்த சாவுகள் ஏறத்தாழ மறைந்தன. மொத்தத் தற்கொலை எண்ணிக்கையே மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அத்தனை பேரும் வேறு வழிக்குப் போயிருந்தால் மொத்தம் குறைந்திருக்காது. இஸ்ரேல் ராணுவம் 2006-இல், வார இறுதி விடுப்பில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்றது. வீரர்களிடையே தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. வார நாட்களில் அது கூடவும் இல்லை. வீரர்களின் மனத்துயரை அந்த ஆணை போக்கவில்லை. துயரத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் தூரத்தைக் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

நமக்கு மிக நெருங்கிய சான்று கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1995-இல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. போரும் வறுமையும் குடியும் அங்கே இருந்தன, இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்நாட்டு அரசு 1984 முதலே ஒவ்வொன்றாகக் கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்யத் தொடங்கியது. 1995-இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட முதல்நிலை நஞ்சுகள் அனைத்தும் நின்றன, 1998-இல் எண்டோசல்பான், பிறகு 2008-க்கும் 2011-க்கும் இடையில் வேறு சில. 2005-க்குள் தற்கொலை விகிதம் பாதியாகியது; அதன் பிறகும் இறங்கியது. 1995 முதல் 2015 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தத் தடைகளால் சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், நஞ்சுண்டு மருத்துவமனைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை அப்படிக் குறைந்துவிடவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள். துயரத்தின் அளவு மாறாவிட்டாலும் கையில் கிடைத்ததன் கடுமை குறைந்ததே ஓர் ஊர் அளவு மக்களைக் காப்பாற்றியது.

இரண்டாவது மறுப்பு விவசாயத்தின் பக்கமிருந்து வருகிறது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. மருந்தைத் தடை செய்தால் புழு தின்றுவிட்டுப் போகும், நட்டத்தை யார் தருவார், அந்த நட்டமே இன்னொரு சாவுக்குக் காரணமாகாதா என்று ஒரு தக்காளி விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்வி. விடை இலங்கையின் விளைச்சல் கணக்கிலேயே இருக்கிறது: இந்தத் தடைகளால் நெல் உள்ளிட்ட பயிர்களின் விளைச்சல் சரிந்ததாகத் தெரியவில்லை. தடை செய்யப்பட்டவை எல்லா மருந்துகளும் அல்ல, மனிதரை எளிதில் கொல்லும் சில மட்டுமே. அதே பூச்சிக்கு வேறு மருந்தும், இனக்கவர்ச்சிப் பொறி, விளக்குப் பொறி, வரப்புப் பயிர் போன்ற ஒருங்கிணைந்த முறைகளும் உண்டு. வேளாண்மைப் பல்கலைக்கழகம் இவற்றைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. தடை அறிவிக்கும் நாளிலேயே மாற்று மருந்தின் பெயரும் விலையும் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கிடைக்க வேண்டும் என்று விவசாயி கேட்பதில் நியாயம் உண்டு. 2020-களிலும் ஒரு கடும் நஞ்சு விற்பனையில் இருக்க வேண்டும் என்பதற்கு விளைச்சலைக் காரணமாகச் சொல்வதில்தான் நியாயம் இல்லை.

நம் அரசுகள் இந்த வழியில் பாதி தூரம் வந்திருக்கின்றன. 2023-இல் தமிழ்நாடு அரசு, தற்கொலைகளைத் தடுக்கும் நோக்கத்தையே காரணமாகச் சொல்லி, ஆறு பூச்சிக்கொல்லிகளின் விற்பனையை 60 நாட்களுக்கு நிறுத்தியது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையை நிரந்தரமாகத் தடை செய்தது. ஆறு மருந்துகளுக்கும் ஏன் 60 நாள் மட்டும்? 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரம் அவ்வளவுதான். மேலும் 30 நாள் நீட்டிக்கலாம், அதற்குமேல் மத்திய அரசு முடிவு செய்ய வேண்டும். மத்திய அரசும் 2018-இல் 18 பூச்சிக்கொல்லிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்து, சிலவற்றை உடனேயும் மற்றவற்றை 2020 இறுதிக்குள்ளும் நிறுத்தியது. 2013-இல் பிகாரில் பள்ளி மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளின் உயிரைக் குடித்த மோனோகுரோட்டோபாஸுக்கு, பத்தாண்டு கழித்து 2023-இல்தான் படிப்படியாக விடைகொடுக்க ஆணை பிறந்தது. இரண்டு மாதத் தடை ஓர் எச்சரிக்கை மட்டுமே. மாநிலத்தின் மருத்துவமனைகளில் எந்த நஞ்சால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற கணக்கை மாவட்டவாரியாக எடுத்து, அதை முன்வைத்து நிரந்தரத் தடை கேட்பதே அடுத்த படியாக இருக்க வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நஞ்சு நோயாளியின் பதிவேட்டிலும் மருந்தின் பெயர் தெளிவாக எழுதப்பட்டால், அந்தப் பதிவேடே சட்டத்துக்கு வலுவான சாட்சி.

தடை வரும் வரை வீட்டில் பூட்டி வைக்கலாமே என்பது இயல்பாகத் தோன்றும் யோசனை. இதில் சான்று நமக்குச் சாதகமாக இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். இலங்கையின் அநுராதபுர மாவட்டத்தில் 180 ஊர்களில் மிகப் பெரிய சோதனை ஒன்று நடந்தது. பாதி ஊர்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் கொடுக்கவில்லை. 2017-இல் முடிவு வெளியானபோது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல: வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் சாவியும் வீட்டுக்குள்தான் இருக்கும், அது எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மருந்தும் பக்கத்திலேயே இருக்கும். இதற்கு முன்பே கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் சென்னையில் 1986-இல் அவர் தொடங்கிய ஸ்நேகா அமைப்பும் வேறொரு வழியைச் சோதித்தார்கள். இரண்டு ஊர்களில் மருந்தை வீட்டிலிருந்து எடுத்து, ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில், ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி என்று பொறுப்பாளருடைய மேற்பார்வையில் வைத்தார்கள். அந்த ஊர்களில் தற்கொலைகளும் முயற்சிகளும் ஒப்பீட்டு ஊர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தன. சோதனை சிறியது, அதை வைத்து முழு மாநிலத்துக்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று விளங்குகிறது: பலன் தருவது பூட்டு அல்ல, வீட்டுக்கும் மருந்துக்கும் இடையில் உள்ள நடையும், நடுவில் நிற்கும் இன்னொரு மனிதரும்.

தருமபுரிக்கு இது பொருந்தும் வழிகள் இருக்கின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் பல ஊர்களில் உண்டு; உர மூட்டை இறக்கும் அதன் கிடங்கில் ஒரு பகுதியை ஊர் மருந்துப் பெட்டிகளுக்கு ஒதுக்கலாம். அடிக்கும் நாள் காலையில் எடுத்து, மாலையில் மீதியைத் திருப்பி வைக்கலாம். அது கைகூடாத இடத்தில், மீதி விழாத அளவுக்கு மட்டும் வாங்குவதும், சில வீட்டார் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கி ஒரே நாளில் அடித்து முடிப்பதும் வீட்டில் நஞ்சு தங்குவதைத் தவிர்க்கும், செலவும் மிச்சம். காலி பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடிக்கும் பழக்கமும் இதோடு ஒழிய வேண்டும். சித்தேரி போன்ற மலைக் கிராமங்களில் இந்த ஏற்பாடு இன்னும் அவசரம். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு வரும் நேரத்தில் கடும் நஞ்சுக்கும் லேசான நஞ்சுக்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகிவிடும்.

மூன்றாவது மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது: கடனையும் குடியையும் வரதட்சணையையும் விட்டுவிட்டுப் பாட்டிலைப் பிடித்துத் தொங்குவது நோயை விட்டு அறிகுறிக்கு வைத்தியம் பார்ப்பதல்லவா? நாட்டில் தற்கொலைக்குச் சொல்லப்படும் காரணங்களில் குடும்பப் பிரச்சினையும் நோயும் முதல் இரண்டு இடங்களில் இருக்கின்றன. அவற்றைத் தீர்க்காமல் எதுவும் முழுமை பெறாது. மேலும், நாட்டில் நடக்கும் தற்கொலைச் சாவுகளில் பாதிக்கும் மேற்பட்டவை பொருளைத் தடுத்துக் காக்க முடியாத வழியில் நடப்பவை. அவர்களுக்கு ஆலோசனையும் சிகிச்சையும் உறவும் தவிர வேறு காப்பு இல்லை. இதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: கடன் தீரவும் குடி நிற்கவும் ஆண்டுகள் ஆகும், சிகிச்சை பலன் தர மாதங்கள் ஆகும். அவற்றுக்கு அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும். நஞ்சைத் தள்ளி வைப்பது மற்ற எல்லா வைத்தியத்துக்கும் நேரம் வாங்கிக் கொடுக்கும் காரியம். ஒன்றைச் செய்தால் இன்னொன்றைச் செய்ய முடியாது என்று எந்த விதியும் இல்லை.

ஆகவே ஒரு குடும்பம் செய்யக்கூடியது தெளிவானது. வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்துவிட்டார், வாழ்ந்து என்ன என்று சொல்கிறார், குடி கூடிவிட்டது, பெரிய இழப்போ அவமானமோ நேர்ந்திருக்கிறது என்றால், அவரிடம் உட்கார்ந்து பேசுவதோடு அன்றைக்கே மருந்து, எலிப் பசை, மீந்த மாத்திரை எல்லாவற்றையும் வீட்டைவிட்டு வெளியே அனுப்புங்கள். உறவினர் வீட்டுக்கோ, வாங்கிய கடைக்கோ. சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்பது பெரும்பாலும் பாரத்தை இறக்குகிறது. எந்நேரமும் பேச 14416 என்ற டெலி மானஸ் எண்ணும், மாநில அரசின் 104 எண்ணும் இருக்கின்றன. இரண்டிலும் தமிழில் பேசலாம். யாராவது எதையாவது உட்கொண்டுவிட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கழிக்காமல் 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால் மருத்துவர் செய்ய வேண்டியதை உடனே செய்வார். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆவது பிரிவும் இல்லை.

இனி அரசின் பங்கு. மத்திய அரசு 2022 நவம்பரில் வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030-க்குள் தற்கொலைச் சாவுகளைப் பத்து சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்திருக்கிறது. கடும் நஞ்சுகளை நிரந்தரமாகச் சந்தையிலிருந்து எடுக்கும் ஓர் ஆணைக்கு, ஆயிரம் விழிப்புணர்வு முகாம்களுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது. அந்த முகாம்கள் எட்டாத வீட்டையும் அது எட்டும். 60 நாள் தடை முடிந்ததும் அடுத்த கோரிக்கை டெல்லிக்குப் போனதா, போகவில்லை என்றால் ஏன் என்று ஒவ்வொரு சட்டமன்ற உறுப்பினரையும், நாடாளுமன்ற உறுப்பினரையும் தருமபுரி வாக்காளர் கேட்க வேண்டும். துப்பாக்கியைச் சில வாரங்களுக்கு வாங்கி வைக்கத் தெரிந்த அரசுக்கு, அதைவிடப் பல மடங்கு உயிர் குடிக்கும் பொருளை நிரந்தரமாக வாங்கி வைப்பது முடியாத காரியமல்ல.